அலுவலகக் குழு சாட்டில் எழுதும் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் சாட், வாட்ஸ்ஆப் குழு என எதில் வேலை நடந்தாலும் வரும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அனுப்புகிறவர் அரை நிமிடத்தை மிச்சப்படுத்துகிறார். அதைப் படிக்கிற பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் தொலைக்கிறார்கள். அந்தக் கணக்கை எப்படித் திருப்பிப் போடுவது என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் சொல்கின்றன.

"ஹாய், இருக்கீங்களா?" என்று தொடங்குவது மரியாதைதானே? அதில் என்ன தவறு?

வணக்கம் சொல்வதில் தவறே இல்லை. வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பதில்தான் சிக்கல்.

10:02-க்கு "ஹாய்" வருகிறது. எதிரில் இருப்பவர் கணக்கு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். பாதியில் விட்டுவிட்டு 10:09-க்கு "சொல்லுங்க" என்கிறார். அதற்குள் அனுப்பியவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். 10:40-க்கு "ஒரு டவுட்" என்று வருகிறது. மறுபடி "சொல்லுங்க". கேள்வி வந்து சேரும்போது மணி 11:20. ஒரே வரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இழுத்துவிட்டது. நடுவில் அவர் இரண்டு தடவை வேலையை விட்டு எழுந்த மாதிரி ஆகிவிட்டது. வரப்போவது சின்னச் சந்தேகமா பெரிய பிரச்சினையா என்பதும் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

வணக்கத்தையும் விஷயத்தையும் ஒரே செய்தியில் போடுங்கள்: "வணக்கம் மேடம். மார்ச் இன்வாய்ஸ் பட்டியல்ல 14-ஆவது வரிசையில தொகை 41,200-ன்னு இருக்கு, ஆர்டர்ல 42,100. எதை எடுத்துக்கணும்?" இதற்கு அவர் எப்போது வேண்டுமானாலும், நீங்கள் இருக்கையில் இல்லாதபோதும், பதில் போட்டுவிடலாம்.

வெறும் "ஹாய்" உங்களுக்கே வந்தால், "வணக்கம், என்ன விஷயம்னு எழுதி வச்சிடுங்க, இதை முடிச்சதும் பார்த்துப் பதில் போடறேன்" என்று எழுதுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி எழுதினால் பெரும்பாலானவர்கள் பழகிக்கொள்வார்கள்.

ஒரு செய்தியையே ஐந்து துண்டாக அனுப்பும் பழக்கத்தை எப்படி விடுவது?

ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் எதிர்ப்பக்கம் ஒரு சத்தம் கேட்கிறது. கணினியில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் செய்தி போகாமல் அடுத்த வரி வரும். ஸ்லாக்கில் என்டர் தட்டினால் அடுத்த வரிக்குப் போகும்படி அமைப்புகளிலேயே மாற்றிக்கொள்ளலாம். நீளமாக எழுத வேண்டியிருந்தால் நோட்பேடில் எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்து, பிறகு ஒட்டுங்கள்.

திரும்பக் கேள்வி கேட்க இடம் வைக்காமல் ஒரு வேலையைக் கேட்பது எப்படி?

நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: என்ன வேண்டும், அது எங்கே இருக்கிறது, எப்போதுக்குள் வேண்டும், நீங்கள் இதுவரை என்ன பார்த்தீர்கள்.

"அந்த ரிப்போர்ட் என்ன ஆச்சு?" என்ற செய்தியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. படிப்பவர் கையில் மூன்று ரிப்போர்ட் இருக்கலாம். இதையே இப்படி எழுதலாம்:

"கிளை வாரியான விற்பனை ரிப்போர்ட் (ஜூலை) வேணும். பகிர்ந்த ஃபோல்டர்ல ஜூன் வரைக்கும்தான் இருக்கு, பார்த்துட்டேன். புதன் 16:00-க்குள்ள கிடைச்சா நல்லது, வியாழன் காலை வாடிக்கையாளர் கூட்டத்துக்குப் போகுது. முழுசா முடியலைன்னா மொத்தத் தொகை மட்டும் போதும்."

கடைசி வாக்கியத்தைப் பலர் எழுதுவதில்லை. உண்மையான அவசியம் எது, விட்டுக்கொடுக்கக்கூடியது எது என்று தெரிந்தால் வேலையில் மூழ்கியிருப்பவர்கூட ஏதோ ஒன்றைத் தந்து உதவ முடியும். காரணத்தைச் சொல்வதும் அதற்காகத்தான். "வியாழன் கூட்டத்துக்கு" என்பது காலக்கெடுவை நம்பும்படி ஆக்குகிறது.

"சீக்கிரம்", "முடிஞ்சா", "இன்னிக்குள்ள" போன்றவை ஆளுக்கொரு பொருள் தருபவை. கிழமையும் மணியும் போடுங்கள். வேறு நேர மண்டலத்தில் ஆட்கள் இருந்தால் யாருடைய நேரம் என்பதையும் சேருங்கள். "நாளைக் காலை" என்பது அவர்களுக்கு இன்று மாலையாக இருக்கலாம்.

கைபேசி அறிவிப்பில் தெரிவது முதல் வரி, அதிகம் போனால் இரண்டு. கேட்கவேண்டியது அந்த வரியில் இருக்கட்டும், பின்னணி அடுத்து வரட்டும். ஆறு வரி வரலாறு சொல்லிவிட்டு ஏழாவது வரியில் கேள்வியை வைத்தால் அது படிக்கப்படாமலே போகும்.

தனிச் செய்தியா, பொதுச் சேனலா? எதில் கேட்பது?

பதில் வேறு யாருக்காவது பயன்படுமா என்று பாருங்கள். பயன்படும் என்றால் சேனல், அதாவது குழுவில் எல்லாரும் படிக்கும் பொதுவான பேச்சு இடம். சர்வர் ஏன் மெதுவாக இருக்கிறது, விடுப்புப் படிவம் எங்கே, புது விலைப்பட்டியல் எது என்பதெல்லாம் சேனலில் கேட்கவேண்டியவை. தனியாகக் கேட்டால் அதே கேள்விக்கு அதே ஆள் நான்கு பேருக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். அவர் விடுப்பில் போகும் நாளில் பதில் எங்கேயும் கிடைக்காது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் "இதுகூடத் தெரியாதா" என்று நினைப்பார்களோ எனக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் தனியாகவே கேட்பார்கள். அதை மாற்றவேண்டியது மூத்தவர்கள். அவர்களே தங்கள் சந்தேகங்களைச் சேனலில் கேட்டால் மற்றவர்களுக்கும் தைரியம் வரும்.

சம்பளம், உடல்நலம், குடும்பச் சூழல், ஒருவரின் வேலைத்திறன் பற்றிய பேச்சு ஆகியவை எப்போதும் தனிச் செய்தியில்தான். ஆனால் தனிச் செய்தி என்பதால் அது உங்கள் இருவருக்குள் மட்டும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நிறுவனக் கணக்கில் எழுதுவதைத் தேவைப்பட்டால் நிர்வாகம் எடுத்துப் பார்க்கும் வழி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. மூன்றாம் நபர் பார்த்தால் சங்கடமாகும் எதையும் அதில் எழுத வேண்டாம்.

திரெட்டில் பதில் போடுவது அவ்வளவு முக்கியமா?

ஆம். திரெட் என்பது ஒரு செய்திக்குக் கீழேயே தனியாக ஓடும் பதில் வரிசை. நாற்பது பேர் இருக்கும் சேனலில் ஒரே நேரத்தில் மூன்று பேச்சு ஓடினால், திரெட் இல்லாமல் எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று தெரியாது. அரை மணி கழித்து "ஆமா, அதையே பண்ணிடுங்க" என்று நடுவில் நிற்கும் ஒரு வரியை யாரோ தன் கேள்விக்கான பதில் என எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார். இந்தத் தவறு நிஜமாகவே நடக்கக்கூடியது, செலவும் வைக்கக்கூடியது.

ஒரு செய்தியில் ஒரு விஷயம் மட்டும் வையுங்கள். இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு செய்தி, இரண்டு திரெட். துண்டு துண்டாக அனுப்பாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது முரண் அல்ல. அங்கே ஒரே விஷயம் உடைந்து வருகிறது, இங்கே இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒட்டிக்கொண்டு வந்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்து, இரண்டாவது அப்படியே மறக்கப்பட்டுவிடும்.

திரெட்டுக்குள் முடிவு எடுத்தால் அது சேனலில் மற்றவர்களுக்குத் தெரியாது. ஸ்லாக்கில் பதில் பெட்டிக்குக் கீழே, அதைச் சேனலுக்கும் அனுப்பும் கட்டம் ஒன்று இருக்கிறது. கடைசி முடிவுக்கு மட்டும் அதை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் செய்தால் திரெட் போட்டதற்கே பயன் இல்லை.

@சேனல், @ஹியர் எப்போது போடலாம்?

ஸ்லாக்கில் @சேனல் (@channel) என்றால் அந்தச் சேனலில் இருக்கும் அனைவருக்கும் அறிவிப்பு. @ஹியர் (@here) என்றால் அப்போது ஆன்லைனில் இருப்பவர்களுக்கு மட்டும். @எவ்ரிஒன் (@everyone) என்றால், எல்லாரும் இருக்கும் #general சேனல் வழியாக நிறுவனம் முழுவதற்கும். ஆட்கள் அதிகமுள்ள சேனல்களில் @சேனல் போட்டால் ஸ்லாக் ஒருமுறை உறுதி கேட்பதுண்டு. யோசிக்கச் சொல்லித்தான் அந்தக் கேள்வி. பழக்கத்தில் தட்டிவிட வேண்டாம்.

படிக்கிற ஒவ்வொருவரும் இன்றைக்கே எதையாவது செய்யவோ நிறுத்தவோ வேண்டியிருந்தால் @சேனல் பொருத்தம். "15:00 முதல் 15:30 வரை பில்லிங் சர்வர் நிற்கும், அதுக்கு முன்னாடி சேமிச்சுடுங்க" என்பது சரியான பயன்பாடு. "யாராவது இப்போ இதைப் பார்க்க முடியுமா?" என்பதற்கு @ஹியர் போதும். பிறந்தநாள் வாழ்த்து, நல்ல கட்டுரையின் இணைப்பு, "எல்லாரும் நோட் பண்ணிக்கோங்க" ரகச் செய்திகளுக்கு இரண்டுமே வேண்டாம்.

அளவுக்கு மீறிப் போட்டால் ஆட்கள் சேனலை மியூட் செய்துவிடுவார்கள். பிறகு உண்மையிலேயே சர்வர் நிற்கும்போது அந்தச் செய்தி யாரையும் எட்டாது. ஒருவரிடம் மட்டும் ஆகவேண்டிய வேலைக்கு அவர் பெயரைக் குறியுங்கள். "யாராவது" என்று பொதுவாகக் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து, கடைசியில் யாரும் பார்க்கமாட்டார்கள்.

எவ்வளவு நேரத்துக்குள் பதில் போட வேண்டும்?

உடனே போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தேவையில்லாதது. சாதாரணச் செய்திக்கு அதே வேலை நாளுக்குள் பதில், சிக்கலானதற்கு அடுத்த நாள் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான குழுக்களுக்குச் சரியாக வரும். வாடிக்கையாளர் சேவை போன்ற இடங்களில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். எந்த அளவானாலும் அதை எழுதிச் சேனலின் மேற்பகுதியில் எப்போதும் தெரியும்படி குத்தி (pin) வையுங்கள். எழுதிவைக்காத இடத்தில் மேலதிகாரியின் பொறுமைதான் விதியாகிவிடும்.

முழுப் பதிலுக்கு நேரமாகும் என்றால் "பார்த்துட்டேன், நாளை 11:00-க்குள்ள சொல்றேன்" என்ற ஒரு வரி போதும். சொன்ன நேரத்தில் பதில் தயாராகாவிட்டால் அந்த நேரத்துக்கு முன்பே புது நேரத்தைச் சொல்லுங்கள்.

கவனம் சிதறாமல் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் அறிவிப்பை நிறுத்திவைத்து, நிலைக்குறிப்பில் (ஸ்டேட்டஸ்) "13:00 வரை அறிவிப்பு நிறுத்தம், அவசரம்னா கூப்பிடுங்க" என்று போடலாம். முடியும் நேரம் இல்லாத "பிஸி" குறிப்பால் பயன் குறைவு. மூன்று நாளாக அப்படியே இருந்தால் யாரும் அதை மதிக்கமாட்டார்கள்.

பதிலே வரவில்லை. திரும்பக் கேட்டால் தொல்லையாக நினைப்பார்களா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. "??" என்றோ "அப்டேட்?" என்றோ அனுப்பினால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். அதே திரெட்டில், அவர் மேலே போய்த் தேடாமல் இருக்கக் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்ப எழுதுங்கள்: "திங்களன்று கேட்ட ஜூலை ரிப்போர்ட் பற்றி. இன்னிக்கு 16:00-க்குள்ள கிடைக்காதுன்னா ஜூன் கணக்கை வச்சு அனுப்பிடட்டுமா?" முடிவெடுக்க எளிதான கேள்விக்குப் பதில் சீக்கிரம் வரும். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லை என்றால் சாட்டை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். அவருடைய மேலதிகாரியைச் சேர்த்துக் குறிப்பது அதற்குப் பிறகுதான்.

இரவு பத்து மணிக்கு ஞாபகம் வந்தால் அப்போதே அனுப்பலாமா? "காலையில பார்த்தா போதும்" என்று எழுதிவிடுகிறேனே?

எழுதினாலும் கைபேசி அப்போதே ஒலிக்கும். அனுப்பியது மேலதிகாரி என்றால் பெரும்பாலானவர்கள் அப்போதே திறந்தும் பார்ப்பார்கள். ஸ்லாக்கிலும் டீம்ஸிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. ஸ்லாக்கில் என்றால், அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியைத் தட்டி மறுநாள் 9:30 என்று வைத்துவிட்டால் உங்களுக்கும் மறக்காது, அவர் தூக்கமும் கெடாது. ஸ்லாக்கில் 120 நாள் வரை முன்கூட்டியே குறித்துவைக்கலாம்.

பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி முறை வகுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது: வேலை நேரம் கடந்து வரும் செய்தியைப் பார்க்காமலும் பதில் தராமலும் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு, மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலொழிய. சட்டம் இல்லாத இடத்திலும் ஒரு குழு இதைத் தனக்குத்தானே வகுத்துக்கொள்ள எதுவும் தடையில்லை.

அப்படியானால் உண்மையான அவசரத்துக்கு என்ன வழி?

எது அவசரம் என்று குழுவாக முன்பே பட்டியல் போடுங்கள். வாடிக்கையாளருக்குச் சேவை நின்றுவிட்டது, பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டது, தரவு கசிந்துவிட்டது, யாருக்காவது பாதுகாப்பு ஆபத்து என்பது போல. இவற்றுக்குத் தொலைபேசி அழைப்புதான் முறை, சாட் அல்ல. டீம்ஸின் தனிச் சாட்டில் அவசரம் எனக் குறித்து அனுப்பினால், பெறுபவர் படிக்கும்வரை 2 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் அறிவிப்பு போய்க்கொண்டே இருக்கும். வலுவான வசதி என்பதால் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் கோபமாகத் தெரிகிறது என்கிறார்கள். நான் சாதாரணமாகத்தான் எழுதுகிறேன். என்ன செய்வது?

நேரில் முகமும் குரலும் பாதி வேலையைச் செய்துவிடும். எழுத்தில் சொல் மட்டும்தான் போகிறது. "ஏன் இன்னும் முடிக்கல?" என்பது நேரில் சாதாரண விசாரிப்பாக இருக்கலாம், திரையில் அது கண்டிப்பு. "இது எந்த நிலையில இருக்கு? எங்கேயாவது நிக்குதா, நான் யார்கிட்டயாவது பேசணுமா?" என்றால் அதே தகவல் கிடைக்கும், எழுதுபவர் உதவத்தான் கேட்கிறார் என்பதும் தெரியும். பொதுவாக "ஏன்" என்று தொடங்கும் கேள்வியை "என்ன", "எப்போ", "எங்கே" என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் சூடு தணிந்துவிடும்.

பொறுப்பில் இருப்பவர்கள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று காரணம் சொல்லாமல் மாலையில் அனுப்பினால், பெறுபவர் இரவெல்லாம் எதற்காக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பார். "நாளை 11:00-க்குப் பேசலாமா? ஜூன் ஷிஃப்ட் பட்டியல் பற்றி, கவலைப்பட ஒண்ணும் இல்லை" என்று எழுத இன்னும் பத்து விநாடி ஆகும். அதேபோல நீளமாக விளக்கி எழுதியவருக்கு "ம்", "ஓகே" என்று மட்டும் பதில் போட்டால் அலட்சியமாகவே படும். "படிச்சேன், இரண்டாவது வழி சரி, தொடங்குங்க" என்பதில்தான் அவருக்கு வேண்டிய விடை இருக்கிறது.

பொதுச் சேனலில் வயதும் பதவியும் பார்க்காமல் எல்லாரையும் "நீங்க" என்றே எழுதுங்கள். தனியாக "நீ, வா" என்று பேசிக்கொள்ளும் இருவரானாலும் சேனலில் அதைப் படிக்கும் மற்றவர்களுக்கு அந்த நெருக்கம் தெரியாது. குழுவில் தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் வேலைப் பேச்சு எல்லாருக்கும் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

உண்மையிலேயே கோபம் வந்திருந்தால் எழுதுங்கள், ஆனால் சாட் பெட்டியில் எழுதாதீர்கள். கை தவறி என்டர் பட்டுவிடும். வேறு இடத்தில் எழுதி, ஒரு மணி நேரம் கழித்துப் படியுங்கள்.

ஒருவர் போட்ட கணக்கு தவறு. சேனலிலேயே சொல்வதா, தனியாகவா?

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. எண் தவறு என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் யாரோ அதை எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். தவறு செய்தது யார், எதனால் என்பது மற்றவர்களுக்குத் தேவையில்லை. முதலில் அவருக்குத் தனியாகச் சொல்லி, அவரே திருத்தட்டும் என்று விடுவது நல்லது. அவர் கிடைக்கவில்லை, நேரமும் இல்லை என்றால் அதே திரெட்டில் "திருத்தம்: மொத்தம் 3,84,000 இல்லை, 3,48,000. முந்தைய எண்ணைப் பயன்படுத்த வேண்டாம்" என்று மட்டும் எழுதுங்கள். பாராட்டை மட்டும் தாராளமாகப் பொதுவில் சொல்லலாம், எதற்காக என்ற விவரத்தோடு.

எமோஜி போட்டால் போதுமா, பதில் எழுத வேண்டுமா?

"நன்றி", "பார்த்தேன்" போன்றவற்றுக்கு எமோஜி நல்லது. இருபது "நன்றி" செய்திகளால் சேனல் நிரம்பாது. குழப்பம் கட்டைவிரல் குறியில்தான் வருகிறது. ஒருவருக்கு அது "படித்தேன்", இன்னொருவருக்கு "சம்மதம்", மூன்றாமவருக்கு "நான் செய்கிறேன்". கண் குறி என்றால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பச்சை டிக் என்றால் முடிந்துவிட்டது, கட்டைவிரல் என்றால் படித்தேன் மட்டும் என்று குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம், தேதி, ஒப்புதல் சம்பந்தப்பட்ட எதற்கும் எமோஜி போதாது, எழுத்தில் பதில் வேண்டும்.

தவறாக அனுப்பியதை அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

பாதிதான். கைபேசியில் எழுந்த அறிவிப்பில் பழைய வரியை அவர் ஏற்கெனவே படித்திருக்கலாம், யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் வைத்திருக்கலாம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். எழுத்துப்பிழையைச் சத்தமில்லாமல் திருத்தலாம். தேதி, தொகை, பொறுப்பு மாறினால் திருத்தியதோடு விடாமல் "நேரம் 14:00-லிருந்து 15:00 ஆக மாற்றியிருக்கேன்" என்று கீழே எழுதுங்கள், ஏனெனில் முன்பே படித்தவர் மறுபடி வந்து பார்க்கமாட்டார். திருத்தத்தில் ஒருவர் பெயரைச் சேர்த்தால் அவருக்கு அறிவிப்பு போயிருக்கும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். பெயரோடு புது வரி போடுங்கள்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு இணையப் பயன்படும் ரகசியக் குறியீடு), வாடிக்கையாளரின் அடையாள எண் போன்றவற்றைச் சாட்டில் போடவே கூடாது. போட்டுவிட்டால் வரிசை இதுதான்: முதலில் அந்தக் கடவுச்சொல்லையோ சாவியையோ மாற்றுங்கள், பிறகு செய்தியை அழியுங்கள், பிறகு பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அழிப்பதோடு நிறுத்தினால் அதைப் பார்த்தவர் கையில் சாவி இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

பிழைச் செய்தியைப் படமாக அனுப்பலாமா? குரல் பதிவு?

திரையின் அமைப்பைக் காட்டப் படம் சரி. பிழையின் வரிகளை எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள், அப்போதுதான் மற்றவர் தேடவும் நகலெடுக்கவும் முடியும். முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் (`) குறி போட்டால் ஸ்லாக்கில் வரிகள் கலையாமல் தனிப் பெட்டியில் நிற்கும். படம் எடுக்கும்போது பக்கத்துத் தாவல்களும் மற்றவர்களின் பெயர்களும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குரல் பதிவை அனுப்புமுன் எதிரில் இருப்பவரைக் கேளுங்கள். மீட்டிங்கில் இருப்பவரால் கேட்க முடியாது. மூன்று நிமிடப் பதிவில் ஒரு தேதியைத் தேட மறுபடி மூன்று நிமிடம் ஆகும். அனுப்பினால் சாரத்தை இரண்டு வரியில் கூடவே எழுதுங்கள்.

எப்போது சாட்டை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும்?

ஒரே விஷயத்தில் இருவர் மாறி மாறி ஐந்தாறு செய்தி எழுதியும் புரியவில்லை என்றால். பேசி முடித்ததும் அதே திரெட்டில் என்ன முடிவு, யார் செய்கிறார், எப்போதுக்குள் என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் பேச்சில் இல்லாத எட்டுப் பேர் பழைய வாக்குவாதத்தை மட்டும் படித்துவிட்டு, முடிவு தெரியாமல் இருப்பார்கள்.

வேலைக்கு வாட்ஸ்ஆப் குழு போதாதா?

ஐந்தாறு பேர் இருக்கும் சின்னக் குழுவுக்குப் போதும். பெரிதாகும்போது ஒரே ஓட்டத்தில் எல்லாப் பேச்சும் கலக்கும். வேலைச் செய்தியும் வீட்டுச் செய்தியும் ஒரே செயலியில் ஒலிப்பதால் ஓய்வு நேரம் என்பதே இருக்காது. ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் நிறுவனத்தின் கோப்புகள் அவருடைய சொந்தக் கைபேசியிலேயே இருக்கும். வாட்ஸ்ஆப்தான் வழி என்றால் அறிவிப்புக்கு ஒரு குழு, பேச்சுக்கு ஒரு குழு என்று பிரியுங்கள். அறிவிப்புக் குழுவில் நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைத்துவிடலாம். பேச்சுக் குழுவில் எந்தச் செய்திக்குப் பதிலோ அதை இழுத்து மேற்கோளாக வைத்தே எழுதுங்கள்.

விடுப்பில் போகும் முன் சாட்டில் என்ன செய்துவைக்க வேண்டும்?

நிலைக்குறிப்பில் திரும்பும் தேதியையும் மாற்றாக யாரைக் கேட்பது என்பதையும் போடுங்கள். அந்த மாற்று நபரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். பதில் பாக்கி இருக்கும் திரெட்டுகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் "இனி இதை அவர் பார்ப்பார், இதுவரை ஆனது இது" என்று அவர் பெயரைக் குறித்து எழுதுங்கள். உங்களோடு தனிச் செய்தியில் மட்டும் நடந்த பேச்சுகளில் வேலைக்குத் தேவையானவற்றைச் சேனலுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கைபேசியில் அறிவிப்பைத் திரும்பும் தேதிவரை அணைத்துவிடுங்கள்.